ஒன்பது எண்களை எழுதிக் கொடுங்கள்

பட்டறை அறிவைப் போற்றும் வழக்கம் அண்மைக் காலமாக நம் ஆய்வுலகில் பெருகிவருகிறது. ஏட்டில் ஏறாத அறிவு, கையில் வாழும் அறிவு, உடல் வழியே தலைமுறை கடக்கும் அறிவு என்று அதற்குப் பல பெயர்கள். கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தே பேரிங் சரியாகப் பொருந்தியிருக்கிறதா எனச் சொல்லிவிடும் மெக்கானிக் ஒருவர் இத்தகைய உரைகளில் தவறாமல் வந்துபோகிறார். அவர் பெயர் சொல்லப்படுவதில்லை. அவர் பூட்டிய இன்ஜின் எத்தனை மாதம் ஓடியது என்றும் எவரும் கேட்பதில்லை. கைதட்டல் மட்டும் கிடைக்கிறது.

இப்புகழ்ச்சி பொருளளவில் பிழையானது. சமூக அளவில் தீங்கானது. இவ்விரண்டையும் நிறுவுவதே இப்பதிவின் நோக்கம். பதிவு நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

நான் பொறியியல் படிக்கவில்லை. மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது பங்காருபேட்டை, கோலார் தங்கவயல் வட்டாரப் பட்டறைகளில் வழங்கும் தொழிற்சொற்களை ஆராய்ந்துவருகிறேன். சொற்களைத் திரட்டச் சென்ற இடத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியவை சொல்லப்படாத எண்கள். ஆகவே முதலில் பொருளை விளக்கிவிட்டுப் பிறகு சொல்லுக்கு வருகிறேன்.

இன்ஜினின் அடிப்பகுதியில் சுழல்வது கிராங்க் ஷாஃப்ட். அதன் வழவழப்பான உருளைப் பகுதிகளை ஜர்னல் என்பர். ஒவ்வொரு ஜர்னலையும் அரைவட்ட வடிவான இரண்டு ஷெல் பேரிங்குகள் அணைத்துக்கொண்டிருக்கும். வரிசையாக நான்கு சிலிண்டர் அமைந்த கார் இன்ஜினில் பொதுவாக மெயின் பேரிங் இடங்கள் ஐந்து, கனெக்டிங் ராடின் பெரிய முனைப் பேரிங் இடங்கள் நான்கு, ஆக ஒன்பது. இந்த ஒன்பது இடங்களிலும் ஜர்னலின் வெளிவிட்டத்துக்கும் பேரிங்கின் உள்விட்டத்துக்கும் இடையே மிகச் சிறிய வேறுபாடு இருக்க வேண்டும். அதுவே பேரிங் கிளியரன்ஸ். சிறிய பெட்ரோல் கார்களின் கையேடுகளில் அது பெரும்பாலும் 0.02 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டருக்குள் குறிக்கப்பட்டிருக்கும். துல்லியமான எண் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவான இடம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அந்த இடம் எண்ணெய்க்கானது. ஓடும் இன்ஜினில் ஜர்னல் பேரிங்கைத் தொடுவதில்லை. எண்ணெய்ப் படலம் ஒன்றின் மேல் மிதக்கிறது. 1883இல் பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தொடர்வண்டி அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்தபோது, பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். எண்ணெய் அத்துளை வழியே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார். தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மரக்கட்டை வைத்து அடைத்தார், அதுவும் வந்துவிட்டது. சுழலும் அச்சு தன் சுழற்சியாலேயே எண்ணெயை அழுத்தித் தன்னைத் தூக்கிக்கொள்கிறது என்பது அப்போது தெரிந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதற்குக் கணிதச் சமன்பாடு தந்தார். இன்றைய கார் இன்ஜின் வரை அனைத்தும் அந்த அடிப்படையில் நிற்கின்றன. எண்ணெய் பம்ப்பின் வேலை எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பது. தண்டைத் தாங்கும் அழுத்தத்தை உண்டாக்குவது அந்த இடைவெளியின் அளவும் சுழற்சியும்தான்.

50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜர்னல் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுழலும்போது, அதன் மேற்பரப்பு விநாடிக்கு 10 மீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் ஓடுகிறது. அந்த விரைவில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இடைவெளி மிகக் குறைவாயிருந்தால் எண்ணெய் போதிய அளவு பாயாது. சூடேறிப் பேரிங் பிடித்துக்கொள்ளும். இடைவெளி மிகுதியாயிருந்தால் எண்ணெய் ஓரங்கள் வழியே வழிந்துவிடும். அவ்வாறு வழிவது இடைவெளியின் முப்படியாகப் பெருகும் என்பது பாய்ம இயக்கவியலின் பழைய பாடம். அதாவது, 0.04 இருக்க வேண்டிய இடத்தில் 0.08 இருந்தால், வழியும் எண்ணெய் இரண்டு மடங்கன்று, எட்டு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத நான்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர், எட்டு மடங்கு இழப்பு. வண்டி சூடேறி மெல்லச் சுழலும் வேளையில் ஆயில் விளக்கு எரிவதும், அடியிலிருந்து இடிப்பது போன்ற சத்தம் எழுவதும் இதன் விளைவுகள்.

இனி, புகழ்பெற்ற அந்தக் கைச்சோதனைக்கு வருவோம். பேரிங்குகளைப் பொருத்தி, எண்ணெய் தடவி, போல்ட்டை முறுக்கி, தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். தடையின்றிச் சுற்றினால் "சரியாக இருக்கிறது" என்று தீர்ப்பு. இச்சோதனை எதைக் காட்டும்? இறுக்கத்தைக் காட்டும். 0.00 என்றால் தண்டு சுற்றாது, அது உண்மை. ஆனால் 0.03 இருந்தாலும் தண்டு சுற்றும், 0.06 இருந்தாலும் சுற்றும், 0.12 இருந்தாலும் இன்னும் இதமாகச் சுற்றும். தளர்வு கூடக் கூடக் கைக்கு மேலும் "நன்றாக" இருப்பதாகத் தோன்றும் சோதனை இது. பழுது பார்க்க வரும் பழைய இன்ஜின்களின் நோயோ பெரும்பாலும் தளர்வுதான். நோய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் குருடாயிருக்கும் சோதனையை நாம் மெய்யறிவு என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

"புதுப் பேரிங் போட்டாயிற்று, பிறகென்ன அளவு?" என்பது அடுத்த வாதம். தேய்ந்த தண்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைத்துத் தீட்டி, அதற்கேற்ற தடித்த ஷெல்லைப் போடுகிறார்கள். தீட்டுபவர் 0.25க்குப் பதில் 0.28 எடுத்துவிட்டால்? ஷெல் புதிது, பெட்டி புதிது, பில் புதிது. இடைவெளி மட்டும் வரம்பை மீறியிருக்கும். ஷெல்லைத் தாங்கும் பிளாக்கின் துளை கோணியிருந்தால்? முந்தைய பட்டறையில் எவரோ பேரிங் கேப்பை அரத்தால் தேய்த்துவைத்திருந்தால்? புதுப் பொருள் தன் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. அது போய் அமரும் இடத்துக்கு அளப்பவரே பொறுப்பு.

அளப்பது எவ்வளவு கடினம்? இரண்டு வழிகள் உண்டு. முதலாவது மைக்ரோமீட்டரும் போர் கேஜும். ஜர்னலின் வெளிவிட்டத்தை இரு முனைகளிலும், ஒவ்வொரு முனையிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளக்க வேண்டும். அப்போதுதான் தண்டு ஒருபுறம் மெலிந்திருப்பதும், வட்டம் முட்டையாகியிருப்பதும் தெரியும். பிறகு ஷெல்லைப் பொருத்தி, கேப் போல்ட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கி, உள்விட்டத்தை அளக்க வேண்டும். இரண்டு ஷெல்லும் சேரும் விளிம்புக்கு அருகே அளக்கக் கூடாது; பல ஷெல்கள் அங்கே வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் விடை. மூன்றாம் வகுப்புக் கணக்கு.

இரண்டாவது, பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய மெழுகு போன்ற இழை. ஜர்னலையும் ஷெல்லையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்க வேண்டும்; இந்த இழை எண்ணெயில் கரைந்துவிடும். இழையைத் தண்டின் நீளவாக்கில் ஒரு துண்டு வைத்து, கேப்பைப் பூட்டி, உரிய அளவுக்கு முறுக்க வேண்டும். தண்டைச் சுற்றவே கூடாது. பிறகு கேப்பைக் கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். அகலம் கூடினால் இடைவெளி குறைவு; அகலம் குறைந்தால் இடைவெளி கூடுதல். பச்சை நிற இழை 0.025 முதல் 0.076 மில்லிமீட்டர் வரை காட்டும். ஓர் இன்ஜின் வேலையின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இவ்விழையின் விலை பொருட்டே அன்று. தண்டு முட்டையாகியிருப்பதை இது தானாகச் சொல்லாது. ஆதலால் மைக்ரோமீட்டருக்கு இது மாற்றாகாது. ஆனால் ஒன்றும் அளக்காமல் விடுவதற்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜர்னலின் மேல் நகத்தை ஓட்டிக் கீறலைக் கண்டுபிடிக்கும் விரலுக்கு நான் மதிப்புத் தருகிறேன். ஓடும் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டு எந்தச் சிலிண்டரில் குறை என்று சொல்லும் செவியை நேரில் கண்டிருக்கிறேன். மைக்ரோமீட்டரை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதும் கையின் அறிவே. கருவியோடு சேர்ந்த கை பெரிய செல்வம். கருவிக்கு மாற்றாக நிறுத்தப்படும் கை ஏமாற்று. ஏமாறுபவர் வண்டிக்காரர், முதலில் ஏமாற்றப்பட்டவர் அந்த மெக்கானிக்.

என் உறவினர் ஒருவர் பழைய சிறு சரக்கு வண்டி ஒன்றை ஓட்டிக் குடும்பம் நடத்துகிறார். ஓரிடத்தில் இன்ஜினை இறக்கி முழு வேலை பார்த்தார். நான்காம் மாதம் பெரிய முனைப் பேரிங் அடித்துப் போயிற்று. கழற்றிப் பார்த்தபோது ஷெல்லின் முதுகில் ஒரு தகட்டுத் துண்டு ஒட்டியிருந்தது. தளர்வைக் குறைக்க எவரோ ஊகத்தில் வைத்த அண்டை அது. ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை நூறில் ஒரு பங்கு தளர்வு என்று அளந்திருந்தால் தகடு வைக்கும் எண்ணமே வந்திராது, தண்டு லேத்துக்குப் போயிருக்கும். வேலை பார்த்த இடத்தில் கேட்டபோது, "எண்ணெய் சரியாக மாற்றியிருக்க மாட்டீர்கள்" என்றார்கள். மறுக்க அவர் கையில் என்ன இருந்தது? பில்லில் உதிரிப் பாகங்களின் விலை இருந்தது, கூலி இருந்தது, ஓர் அளவுகூட இல்லை. எண் எழுதப்படாத இடத்தில் பழி எப்போதும் எளியவர் தலையில்தான் இறங்கும்.

இங்கே மொழியியல் நுழைகிறது. நான் கேட்ட பட்டறைப் பேச்சில் "பிளே" என்றொரு சொல் மிகுதியாகப் புழங்குகிறது. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்வதும் பிளே. கனெக்டிங் ராடு ஜர்னலின் மேல் பக்கவாட்டில் அசைவதும் பிளே. எண்ணெய்க்கான இடைவெளியும் பிளே. மூன்றும் வெவ்வேறு அளவுகள். தண்டின் முன்பின் நகர்வு பல இன்ஜின்களில் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். எண்ணெய் இடைவெளியோ அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, அல்லது அதனினும் குறைவு. ஒரே சொல் மூன்றையும் மூடிவிட்டால், ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து "பிளே சரி" என்று சொல்லிவிட்டு எண்ணெய் இடைவெளியை அளந்த மனநிறைவோடு அடுத்த வேலைக்குப் போய்விட முடிகிறது. இது மெக்கானிக்கின் அறியாமை என்று முடித்துவிடக் கூடாது. மூன்று பொருளைப் பிரித்துக் காட்டும் மூன்று சொற்களை அவர் மொழியில் எவரும் அவருக்கு எழுதித் தரவில்லை.

பங்காருபேட்டையில் இக்குறை இரட்டிப்பாகிறது. இது தொடர்வண்டிச் சந்திப்பு ஊர். தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கனி உருது நான்கும் ஒரே தெருவில் நடக்கின்றன. வண்டிக்காரர் ஒரு மொழி, மெக்கானிக் ஒரு மொழி, தண்டைத் தீட்டித் தரும் லேத்காரர் இன்னொரு மொழி. "கொஞ்சம் டைட்டாக வை", "சற்று லூசாக இருக்கட்டும்" என்பன இம்மூவரிடையே கைமாறும்போது ஒவ்வொரு செவியிலும் ஒவ்வோர் அளவாக விழுகின்றன. 0.04 என்பது நான்கு மொழியிலும் 0.04தான். பலமொழி ஊருக்குத் தேவையான பொதுமொழியை இங்கே அரசோ பல்கலைக்கழகமோ உருவாக்க வேண்டியதில்லை. அது மைக்ரோமீட்டரின் உருளையில் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஊரின் வரலாற்றை நினைத்தால் வேதனை கூடுகிறது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் தங்கவயலில் கால் வைத்தது. வட ஆற்காடு முதலான பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கிப் பாறை உடைத்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் முதலில் வந்து சேர்ந்ததும் இந்தச் சுரங்கங்களுக்குத்தான். அவ்வளவு ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றிய பொறிகள் கைப்பக்குவத்தில் ஓடவில்லை. கயிறு, கூண்டு, பிரேக் ஆகியவற்றை நாள்தோறும் சோதித்து, பக்க எண்ணிட்ட ஏட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது சுரங்க ஒழுங்குமுறை. "தொட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று சொல்லி எவரையும் கூண்டில் ஏற்றியிருக்க முடியாது.

ஆனால் அந்த ஏட்டை எழுதியது யார்? அளவும் எழுத்தும் மேலாளர்களிடம் இருந்தன, ஆங்கிலத்தில் இருந்தன. கையும் தோளும் தமிழரிடம் இருந்தன. தங்கவயலின் படிநிலை இந்தப் பிரிவினையின் மேல்தான் கட்டப்பட்டது: எண் ஒருவருக்கு, உழைப்பு மற்றொருவருக்கு. பின்னர் பெமல் ஆலை வந்தபோது இவ்வூர்ப் பிள்ளைகள் பலர் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் பார்க்கக் கற்றார்கள். அந்தச் சுவர் ஓரிடத்தில் விரிசல் கண்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன்பே பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குத் தொடர்வண்டி ஏறத் தொடங்கினர். ஊரிலேயே தங்கியவர்களில் பலர் வண்டி ஓட்டியும் வண்டி பழுதுபார்த்தும் பிழைக்கிறார்கள்.

இவர்களைப் பார்த்துத்தான் நம் அறிஞர்கள் சொல்கிறார்கள்: "உங்களுக்கு எண் தேவையில்லை, உங்கள் கையே போதும்." மேலாளர் அதிகாரத்தோடு சொன்னதை ஆய்வாளர் அன்போடு சொல்கிறார். பொருள் மாறவில்லை. கைக்குப் புகழ், எண்ணுக்கு உரிமை மறுப்பு. இப்படிப் பேசுபவர் தம் சொந்தக் காரை எங்கே விடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். டார்க் அளவைக் கணினியில் பதிவுசெய்யும் நிறுவனப் பணிமனையில் விடுகிறார். தம் தந்தையின் இரத்த அழுத்தத்தை நெற்றியைத் தொட்டுச் சொல்லும் மருத்துவரிடம் அவர் போகமாட்டார். தமக்கு அளவு, பிறருக்கு மரபு. இதற்கு மரியாதை என்று பெயரிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

மறுபுறம் நிற்பவர்கள் சொல்லாக்கக்காரர்கள். அவர்கள்மீதும் எனக்கு வழக்கு உண்டு. தமிழில் அறிவியல் சொல்லாக்கத்துக்கு மதிக்கத்தக்க வரலாறு இருக்கிறது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அதற்கென ஒரு கழகமே தொடங்கினர். நூறாண்டு கடந்துவிட்டது. இன்று கிராங்க் ஷாஃப்ட்டுக்கு "வணரித்தண்டு" உண்டு. பேரிங்குக்குத் "தாங்கி" உண்டு. நல்ல சொற்கள். அச்சொற்களைக் கொண்டு, ஒரு தாங்கியின் இடைவெளியை எப்படி அளப்பது என்று எண்ணெய்க் கையோடு புரட்டத்தக்க எட்டுப் பக்கக் கையேடு பட்டறைச் சுவரில் தொங்குகிறதா? நான் சென்ற எந்தப் பட்டறையிலும் காணவில்லை. நோய்க்கு மருந்து கேட்டவனிடம் மருந்துகளின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

இதற்கு நேரெதிரான முன்மாதிரி தமிழிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் பாடநூல்களை மொழிபெயர்த்தார்கள். முதலில் மாணவனும் நோயாளியும் பாடமும் இருந்தன. சொற்கள் அந்தத் தேவையிலிருந்து பிறந்து, அங்கேயே பயன்பட்டு, அங்கேயே திருத்தம் பெற்றன. வேலையிலிருந்து சொல்லுக்குப் போன பாதை அது. நாம் சொல்லிலேயே தொடங்கிச் சொல்லிலேயே நின்றுவிட்டோம்.

தூய்மை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். பேரிங்கை, பேரிங்குக்கு, பேரிங்கில், பேரிங்கோடு என்று எல்லா வேற்றுமை உருபுகளையும் ஏற்றுவிட்ட சொல் தமிழின் இலக்கணத்துக்குள் குடியேறிவிட்ட சொல். திசைச்சொல்லுக்கு இடம் வகுத்த தொல்காப்பியர் வழி வந்த நாம் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது பிளே போன்ற மங்கலான சொற்களைக் கண்டு. இங்கே தமிழே கைகொடுக்கிறது. "ஆட்டம்" என்பதை மெக்கானிக்குகள் நாள்தோறும் சொல்கிறார்கள். தண்டின் முன்பின் நகர்வை நீள ஆட்டம் என்போம். ராடின் பக்கவாட்டு அசைவைப் பக்க ஆட்டம் என்போம். மூன்றாவதை எண்ணெய் இடைவெளி என்போம். அகராதி தேவையில்லாத சொற்கள் இவை. வாயில் வருகின்றன, மூன்று பொருளையும் மூன்றாகப் பிரிக்கின்றன. இவற்றைவிட நல்லவை பட்டறையிலேயே இருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்வோம்.

எதிர்வாதங்களை அறிவேன். "நேரமில்லை" என்பது ஒன்று. இழை வைத்து ஒன்பது இடங்களை அளக்க அரை நாள் போகலாம். பேரிங் அடித்த இன்ஜினை மறுபடி இறக்கி ஏற்ற எத்தனை நாள் போகும் என்பதை மெக்கானிக்கே சொல்வார். "வாடிக்கையாளர் கூடுதல் பணம் தரமாட்டார்" என்பது இன்னொன்று. எதற்குத் தருகிறோம் என்று தெரியாதவரை தரமாட்டார். ஒன்பது எண்கள் எழுதிய தாளைக் கையில் வாங்கியவர் அடுத்த முறை அதைக் கேட்டுத் தருவார். நேர்மையான மெக்கானிக்குக்கு அத்தாளே காப்பு. வண்டிக்காரர் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிவிட்டுப் பழி சொல்ல வந்தால், அவர் மறுப்பதற்கும் அந்த எண்களே சாட்சி.

"படிக்காதவர்கள், கையேடு கொடுத்தால் வாசிப்பார்களா?" என்ற கேள்விதான் என்னைச் சினங்கொள்ள வைக்கிறது. கேட்பவர் இந்த ஊரின் வரலாற்றை அறியாதவர். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழ், அவர் மறைந்து ஆண்டுகள் கழித்து, 1920-களில் மீண்டும் உயிர்பெற்று வெளிவந்தது எங்கிருந்து? கோலார் தங்கவயலிலிருந்து. ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராயிருந்தார். சித்தார்த்த புத்தகசாலை நூல்களை வெளியிட்டதும் இங்கிருந்துதான். தரைக்கடியில் பாறை உடைத்தவர்களின் குடியிருப்புகள் தத்துவ விவாதம் நிறைந்த தமிழ் இதழைத் தாங்கி நின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு எட்டுப் பக்கம் வாசிக்க வராது என்பவர், தாம் எழுத மறுத்ததை அவர்கள் வாசிக்க மறுத்ததாகத் திரித்துக் கூறுகிறார்.

ஆகவே, வேண்டுவன மூன்று.

வண்டி உரிமையாளர்களுக்கு: இன்ஜினை இறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்து மெயின், நான்கு ராடு, ஒன்பது இடத்தின் எண்ணெய் இடைவெளியும் கையேடு சொல்லும் வரம்பும் பில்லில் எழுதப்பட வேண்டும். மூன்று சிலிண்டர் வண்டி என்றால் பொதுவாக ஏழு எண்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் இன்ஜினை இறக்காதீர்கள்.

மெக்கானிக்குகளுக்கு: உங்கள் கையைப் புகழ்ந்து பேச வருபவரிடம், ஒரு போர் கேஜ் வாங்கித் தருவாரா என்று கேளுங்கள்.

என் துறைசார்ந்தோருக்கு: அடுத்த கருத்தரங்கின் செலவில் ஒரு பகுதியை எடுத்து, எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி அச்சிடுவோம். படங்கள் பெரிதாக, எண்கள் தெளிவாக, எண்ணெய்க் கறை பட்டாலும் துடைக்கத்தக்க தாளில். வரைவை முதலில் இரண்டு பட்டறைகளில் கொடுத்து, அவர்கள் அடித்துத் திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். சொற்களைத் திரட்ட நான் வைத்திருக்கும் குறிப்பேடுகளை இப்பணிக்குத் தருகிறேன். பங்காருபேட்டையிலும் தங்கவயலிலும் மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுத்தர ஆயத்தமாயுள்ள ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் இப்பதிவைக் காண நேர்ந்தால், கீழே ஒரு சொல் எழுதுங்கள். அதுவே தொடக்கமாக இருக்கட்டும்.